அத்தியாயம் 6: பெங்களூருவில் ஐ.ஆர். படிக்க வருபவருக்கு

சர்வதேச உறவுகள் என்ற பாடத்தைக் கல்லூரி வளாகத்தில் யாரும் முழுப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை, ‘ஐ.ஆர்.’தான். பிளஸ் டூ முடித்த பிள்ளை ‘ஐ.ஆர். படிக்கப் போறேன்’ என்று வீட்டில் சொன்னதும் இரண்டு கேள்விகள் எழும். ‘அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?’ என்பது ஒன்று. ‘அதுக்கு டெல்லிக்கில்ல போகணும்?’ என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் இந்த அத்தியாயத்தில் பதில் இருக்கிறது.

சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். பட்டச் சான்றிதழில் ‘சர்வதேச உறவுகள்’ என்று அச்சாகியிருப்பதால் மட்டும் எந்தக் கதவும் திறப்பதில்லை. மூன்று ஆண்டு முடிவில் உங்களிடம் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: ஏதாவது ஒரு நாட்டையோ வட்டாரத்தையோ பற்றி ஆழமான அறிவு, ஓர் அந்நிய மொழி, மூல ஆவணத்தைப் படித்துத் தெளிவாக எழுதும் பழக்கம். இவற்றில் பாதியை வகுப்பறை தரும். மீதியை நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும். அப்படித் தேடிக்கொள்ள பெங்களூரு நல்ல இடம்.

பாடத்தில் என்ன இருக்கிறது?

செய்தித்தாள் படிக்கப் பிடிக்கும், பட்டிமன்றத்தில் பேசப் பிடிக்கும் என்பதற்காக இந்தப் பாடத்தை எடுப்பவர்கள் முதல் செமஸ்டரிலேயே திகைத்துப்போவார்கள். எடுத்த எடுப்பில் வருவது கோட்பாடு. நாடுகள் ஏன் போரிடுகின்றன, ஏன் ஒத்துழைக்கின்றன, அதிகாரம் என்றால் என்ன என்று எதார்த்தவாதம், தாராளவாதம், மார்க்சியம், பெண்ணியம் எனப் பல பார்வைகளில் படிக்க வேண்டியிருக்கும். பின்னால் இரண்டு உலகப் போர்கள், பனிப்போர், காலனி நாடுகளின் விடுதலை என்று வரலாறு வரும். அதன் பிறகு சர்வதேசச் சட்டம், ஐ.நா. போன்ற அமைப்புகள், உலக வர்த்தகம், பாதுகாப்பு, இந்திய வெளியுறவுக் கொள்கை ஆகியவை. அந்நியச் செலாவணி, வர்த்தகப் பற்றாக்குறை போன்றவற்றைப் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பொருளாதாரமும் தேவை.

வரலாறு படிக்கப் பொறுமையும் பக்கம் பக்கமாக எழுதத் தயக்கமின்மையும் இருப்பவருக்கு இது நல்ல பாடம். அன்றைய செய்தியைப் பற்றி அன்றே கருத்துச் சொல்ல வேண்டும் என்ற துடிப்பு மட்டும் இருந்தால் சலிப்புத் தட்டும்.

வெளியுறவுத் துறைக்குப் போக இளங்கலையில் இதைத்தான் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. 2009 முதல் 2011 வரை வெளியுறவுச் செயலராக இருந்த நிருபமா ராவ், பெங்களூரு மவுண்ட் கார்மல் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர். 1973ஆம் ஆண்டு அணியில் முதலிடம் பெற்று இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். பள்ளிப் படிப்பின் ஒரு பகுதியை பெங்களூரு ராணுவப் பள்ளியில் படித்து, பின்னாளில் வெளியுறவு அமைச்சரான எஸ். ஜெய்சங்கர், இளங்கலையில் எடுத்தது வேதியியல், பிறகு ஜே.என்.யு.வில்தான் சர்வதேச உறவுகளுக்கு வந்தார். ஆகவே விரும்பிய கல்லூரியில் ஐ.ஆர். இடம் கிடைக்கவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம். அரசியல் அறிவியல், வரலாறு, பொருளாதாரம் ஆகிய எதிலிருந்தும் இந்தப் பாதைக்கு வரலாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது

1969இல் கல்லூரியாகத் தொடங்கி 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கிறைஸ்ட், ஓசூர் ரோட்டில் இருக்கிறது. சர்வதேச ஆய்வுகள், அரசியல் அறிவியல், வரலாறு மூன்றுக்கும் சேர்த்து அங்கே ஒரு துறை இயங்குகிறது. 1882இல் தொடங்கப்பட்டு 2022இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த செயின்ட் ஜோசப்ஸில் சர்வதேச உறவுகள், அமைதி, பொதுக்கொள்கை ஆகியவற்றுக்கான துறை இருக்கிறது. பெண்கள் கல்லூரியாக 1948இல் தொடங்கிய மவுண்ட் கார்மலும் உண்டு. அங்கே அரசியல் அறிவியல் வழியாக உள்ளே வரலாம். பாடச் சேர்க்கைகளைக் கல்லூரிகள் அடிக்கடி மாற்றுகின்றன. சீனியர் சொன்னதை நம்பிப் பணம் கட்டாமல், சேரும் ஆண்டின் தகவல் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

விண்ணப்பிக்கும்போது பலர் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. கிறைஸ்ட் நடத்தும் நுழைவுத் தேர்வுக்குச் சுருக்கப் பெயர் சி.யு.இ.டி. மத்திய பல்கலைக்கழகங்களுக்காக 2022 முதல் தேசியத் தேர்வு முகமை நடத்தும் பொது நுழைவுத் தேர்வுக்கும் அதே சுருக்கப் பெயர். இரண்டும் வேறு வேறு. விண்ணப்பமும் கட்டணமும் தேதியும் தனித்தனி. ஒன்றை எழுதிவிட்டு மற்றதற்கும் அதுவே போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

அடுத்தது மூன்றாண்டா நான்காண்டா என்ற கணக்கு. தேசியக் கல்விக் கொள்கையின்படி வந்த நான்காண்டு ஆனர்ஸ் முறையை, கர்நாடக அரசு 2024-25 கல்வியாண்டில் தன் மாநிலப் பல்கலைக்கழகங்களில் கைவிட்டு மூன்றாண்டுப் பட்டத்துக்குத் திரும்பியது. நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்கள் தத்தம் முறையை வைத்துக்கொண்டிருக்கின்றன. நான்காண்டுப் பட்டம் இருந்தால் முதுகலையை ஓராண்டில் முடிக்க வாய்ப்பு உண்டு. மூன்றாண்டுப் பட்டத்தோடு வெளியே வந்தால் முதுகலைக்கு இரண்டு ஆண்டு. வெளிநாட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால், நீங்கள் குறிவைக்கும் பல்கலைக்கழகம் 16 ஆண்டுக் கல்வி கேட்கிறதா என்று இப்போதே பாருங்கள். அமெரிக்காவில் பல இடங்களில் கேட்பார்கள்.

சேர்க்கைக்கு முன் துறைத் தலைவரிடமோ இரண்டாமாண்டு மாணவரிடமோ கேட்க வேண்டியவை:

• ஐ.ஆர். தாள்கள் முதல் ஆண்டிலேயே தொடங்குகின்றனவா, மூன்றாம் ஆண்டில் மட்டுமா?
• கடைசி ஆண்டில் ஆய்வேடு கட்டாயமா? அதற்கு வழிகாட்டி ஒதுக்கப்படுகிறாரா?
• நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? அவர்கள் எந்தெந்த வட்டாரத்தை ஆய்வு செய்கிறவர்கள்?
• நூலகத்தில் ஜே-ஸ்டோர் போன்ற ஆய்விதழ்த் தொகுப்புகளுக்குச் சந்தா இருக்கிறதா? பி.ஜி.யில் உட்கார்ந்தபடி அதைத் திறக்க முடியுமா?
• அந்நிய மொழி வகுப்பு மதிப்பெண்ணோடு நடக்கிறதா, பெயருக்கு நடக்கிறதா?
• மொழித்தாளில் தமிழ் எடுக்க முடியுமா?

‘டிகிரியோடு ஐ.ஏ.எஸ். கோச்சிங்’ என்று விளம்பரம் செய்யும் இடங்களில் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: கோச்சிங்குக்காக எந்தப் பாட நேரம் வெட்டப்படுகிறது?

ஓசூரிலிருந்து தினமும் வந்து போகலாம் என்று கணக்குப் போடுபவர்கள் அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு நெரிசலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐ.ஆர். மாணவருக்குப் பயனுள்ள பல கூட்டங்கள் மாலை ஆறு மணிக்குமேல்தான் தொடங்கும். முதல் ஆண்டாவது விடுதியிலோ பக்கத்து பி.ஜி.யிலோ தங்குவது நல்லது.

முதல் ஆண்டு: எதைப் படிப்பது?

பெய்லிஸ், ஸ்மித், ஓவன்ஸ் தொகுத்த ‘த குளோபலைசேஷன் ஆஃப் வேர்ல்ட் பாலிடிக்ஸ்’ பெரும்பாலான இடங்களில் பாடநூலாகப் புழங்குகிறது. நேரே அதில் இறங்குங்கள். இ.எச். காரின் 1939ஆம் ஆண்டு நூலையும் மார்கென்தாவின் 1948ஆம் ஆண்டு நூலையும் பிறகு எடுக்கலாம். சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாசம், புக்வார்ம் போன்ற கடைகளில் பழைய பிரதிகள் பாதி விலைக்குக் கிடைக்கும். பாடநூலில் மட்டும் மிகப் பழைய பதிப்பை வாங்க வேண்டாம். உலகம் அதற்குள் மாறியிருக்கும்.

அர்த்தசாஸ்திரம் பல பாடத்திட்டங்களில் ஒரு மூலையில் இருக்கும். அதன் வரலாறு நமக்கு நெருக்கமானது. தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஓலைச்சுவடி மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே பணியாற்றிய ஆர். சாம சாஸ்திரி அதை அடையாளம் கண்டு, 1909இல் மூலத்தையும் 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். அண்டை நாடு, அதற்கு அடுத்த நாடு என்று வட்டம் வட்டமாக நட்பையும் பகையையும் கணக்கிடும் மண்டலக் கொள்கையை அதில் படித்துவிட்டு, மார்கென்தாவின் அதிகாரக் கணக்கோடு ஒப்பிட்டு நான்கு பக்கம் எழுதுங்கள். முதல் செமஸ்டருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

மூல ஆவணத்தைப் படிப்பது

இந்தப் பாடத்தில் கெட்டிக்காரருக்கும் மற்றவருக்கும் வித்தியாசம் தெரியும் இடம் இது. பெரும்பாலானோர் ஆவணத்தைப் பற்றி வந்த செய்தியைப் படிப்பார்கள். ஆவணத்தைப் படிக்க மாட்டார்கள். பெங்களூருவிலேயே பிறந்த ஓர் ஆவணத்தை எடுத்துக்கொள்வோம்.

2023 பிப்ரவரி 24, 25 தேதிகளில் ஜி-20 நாடுகளின் நிதியமைச்சர்களும் மத்திய வங்கித் தலைவர்களும் பெங்களூருவில் கூடினார்கள். தலைமை வகித்தது இந்தியா. கூட்டம் தொடங்கிய நாள், உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்து ஓராண்டு நிறைந்த நாள். இத்தகைய கூட்டங்களின் முடிவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கூட்டறிக்கை வருவது வழக்கம். இங்கே அது வரவில்லை. ‘தலைமையின் சுருக்கமும் முடிவு ஆவணமும்’ என்ற பெயரில் ஒன்று வெளியானது.

முதல் பாடம் தலைப்பிலேயே இருக்கிறது. கூட்டறிக்கை என்றால் எல்லோரும் கையொப்பமிட்டதற்குச் சமம். தலைமையின் சுருக்கம் என்றால், கூட்டத்தில் நடந்ததைத் தலைமை நாடு தன் பொறுப்பில் சொல்கிறது என்று பொருள். இரண்டாவது பாடம் அடிக்குறிப்பில். உக்ரைன் போர் பற்றிய மூன்றாம், நான்காம் பத்திகள் 2022 நவம்பரில் பாலியில் தலைவர்கள் வெளியிட்ட பிரகடனத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்றும், ரஷ்யாவும் சீனாவும் தவிர மற்ற எல்லா உறுப்பு நாடுகளும் அவற்றை ஏற்றன என்றும் அது சொல்கிறது. மூன்று மாதம் முன்பு பாலியில் தம் தலைமையும் சேர்ந்து ஏற்ற பத்திகளை இவ்விரு நாடுகளும் பெங்களூருவில் ஏற்கவில்லை. நாளிதழ் இதை ‘கூட்டறிக்கை இல்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். உங்களுக்கு ஆய்வே அங்குதான் தொடங்குகிறது.

இப்போது மூன்றாவது ஆவணத்தையும் பக்கத்தில் வையுங்கள்: அதே ஆண்டு செப்டம்பரில் எல்லோரும் ஒருமனதாக ஏற்ற புதுடெல்லி பிரகடனம். பாலியில் இருந்த, ரஷ்யாவின் ஆக்கிரமிப்பைக் கண்டிக்கும் வாசகம் டெல்லியில் இல்லை. நிலத்தைப் பிடிக்கப் படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்ற பொதுக் கோட்பாடு அந்த இடத்தில் இருக்கிறது. ஒருமித்த கருத்துக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது, யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று மூன்றையும் வரிவரியாக ஒப்பிட்டு எழுதினால், இரண்டாமாண்டு மாணவருக்கு அது முழுமையான கட்டுரை.

இந்த ஆவணங்கள் எல்லாம் இணையத்தில் இலவசம். வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் கூட்டறிக்கைகள், செய்தியாளர் சந்திப்புகளின் எழுத்து வடிவம், ஒப்பந்தங்களின் தொகுப்பு ஆகியவை உண்டு. வெளிவிவகாரங்களுக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கைகளை மாணவர்கள் தொடுவதே இல்லை. அமைச்சகத்தின் கணக்கும் குறைகளும் அங்கே விரிவாகக் கிடைக்கும்.

ஒரு நிகழ்வு, மூன்று தளம்

கோட்பாடு தலைக்குள் இறங்காதவர்களுக்கு ஒரு பயிற்சி. கென்னத் வால்ட்ஸ் 1959இல் எழுதிய நூலில், போருக்கான காரணங்களை மூன்று தளங்களில் தேடலாம் என்றார்: தனிமனிதர், அரசின் உள்ளமைப்பு, நாடுகளின் மொத்த அமைப்பு. இதைப் பெங்களூருவில் நடந்த இன்னொரு சம்பவத்தின் மேல் பொருத்திப் பாருங்கள்.

1986 நவம்பர் 16, 17இல் சார்க் அமைப்பின் இரண்டாவது உச்சி மாநாடு இங்கே நடந்தது. காத்மாண்டுவில் தலைமைச் செயலகம் அமைக்க உடன்பாடு கண்டது அதன் அதிகாரபூர்வ சாதனை. சார்க் சாசனத்தின்படி இரு நாடுகளுக்கு இடையிலான சர்ச்சைகளை அந்த மேடையில் பேசக் கூடாது. ஆனால் அந்த இரண்டு நாட்களில் தமிழர்கள் கவனித்ததெல்லாம் சர்ச்சையைத்தான். பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் இலங்கை இனப்பிரச்சினை பற்றித் தனியே பேசினார்கள். சென்னையிலிருந்து விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் விமானத்தில் பெங்களூருவுக்கு அழைத்து வரப்பட்டார், தமிழ்நாட்டு முதல்வர் எம்.ஜி.ஆரும் அழைக்கப்பட்டார். கிழக்கு மாகாணத்தை மூன்றாகப் பிரிக்கும் யோசனையைப் புலிகள் ஏற்கவில்லை. எட்டு மாதம் கழித்து, 1987 ஜூலை 29இல் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது.

முதல் தளத்தில் நான்கு மனிதர்கள். ஒவ்வொருவரும் எதை நம்பினார், எதற்கு அஞ்சினார்? இரண்டாம் தளத்தில் உள்நாட்டு அரசியல்: காங்கிரசுக்குத் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. கூட்டணி, கொழும்பில் சிங்கள வாக்கு வங்கியின் நெருக்கடி. மூன்றாம் தளத்தில் பனிப்போர்: திருகோணமலைத் துறைமுகமும், அந்நிய உளவு, ஒலிபரப்பு நிலையங்களும் இந்தியாவுக்கு ஏன் கவலை தந்தன என்பதற்கு, 1987 ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களே சாட்சி. கூடவே ஜே.என். தீட்சித்தின் ‘அசைன்மென்ட் கொழும்பு’வைப் படியுங்கள், அவர் அப்போது கொழும்பில் இந்தியத் தூதராக இருந்தவர், ஆகவே அவருடையது ஒரு தரப்பின் குரல் என்ற நினைவோடு படியுங்கள். தமிழில் வந்த போராளிகளின் நினைவுக் குறிப்புகளையும் இலங்கைத் தமிழ் இதழ்களையும் படிக்கத் தெரிந்த உங்களுக்கு, டெல்லி மாணவருக்குக் கிட்டாத ஓர் அனுகூலம் இருக்கிறது. அதை வீணாக்காதீர்கள்.

நகரத்தில் எங்கே போவது?

தொம்மலூரில் உள்ள பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டரில் ஓய்வுபெற்ற தூதர்களும் வரலாற்றாசிரியர்களும் அடிக்கடி பேசுகிறார்கள். பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்குக் கட்டணம் இல்லை. பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம் வரும்; ஒரே வாக்கியத்தில் முடியும் கேள்வியோடு போங்கள்.

இந்திய அறிவியல் கழக வளாகத்தில், ஜே.ஆர்.டி. டாட்டாவின் முயற்சியால் 1988இல் தொடங்கிய தேசிய உயர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது, நயாஸ் என்பார்கள். மோதல், பாதுகாப்பு குறித்த அதன் பிரிவு இளம் ஆய்வாளர்களை எழுத வைக்கிறது. 2009இல் தொடங்கிய தக்ஷசீலா நிறுவனம் பொதுக்கொள்கையில் சான்றிதழ்ப் படிப்புகள் நடத்துகிறது. தொழில்நுட்பமும் புவிசார் அரசியலும் சந்திக்கும் இடத்தில் அதன் வேலை அதிகம். இரண்டிலும் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும்போது ‘ஆர்வம் அதிகம்’ என்ற கடிதத்தைவிட, நீங்கள் எழுதிய ஆயிரம் சொல் கட்டுரை ஒன்று உதவும்.

மொழிக்கு வசந்த் நகரில் அலியான்ஸ் பிரான்சேஸ், இந்திரா நகரில் கோத்தே நிறுவனம். முதல் ஆண்டிலேயே தொடங்கி, மூன்றாம் ஆண்டுக்குள் பி1 நிலை தொட வேண்டும். தொடக்க நிலையான ஏ1 முடித்துவிட்டு ‘பிரெஞ்சு தெரியும்’ என்று பயோடேட்டாவில் போடுவது நேர்முகத்தில் சங்கடத்தில் முடியும். ஜப்பான், கொரியா, சீனா பற்றி ஆய்வு செய்ய நினைப்பவர்கள் ஐரோப்பிய மொழிகளில் நேரம் செலவிட வேண்டியதில்லை. கன்னடமும் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் களஆய்வு செய்யும் நாளில் அதன் பலன் தெரியும்.

இனி ‘மன்’. மாதிரி ஐ.நா. போட்டிகள் பெங்களூருவில் ஏறக்குறைய வாரந்தோறும் எங்காவது நடக்கும். மேடைக் கூச்சம் போகும், நண்பர்கள் கிடைப்பார்கள், தீர்மானத்தின் வடிவம் பழகும். ஆனால் உண்மையான ஐ.நா. பொதுச்சபையில் பெரும்பாலான தீர்மானங்கள் வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறுகின்றன. வேலையெல்லாம் மூடிய அறைகளில் வரைவைத் திருத்துவதில் நடக்கிறது. மன் பரிசோ பேச்சுக்குத்தான் போகிறது. ஆண்டுக்கு இரண்டு போதும். கலந்துகொள்ளும்போது, உங்களுக்கு ஒதுக்கிய நாட்டின் நிலைப்பாட்டை அந்த நாட்டின் உண்மையான வாக்குகளையும் உரைகளையும் பார்த்து எழுதுங்கள்.

ஆய்வேட்டுக்கான தலைப்புகள்

‘இந்தியா-சீனா உறவுகள்: ஒரு பார்வை’ என்று தலைப்பு வைத்தால் வழிகாட்டி கொட்டாவி விடுவார். சிறியதாக, கைக்கு எட்டுவதாக இருக்கட்டும். சில யோசனைகள்:

சுள்ளியா, புத்தூர் ரப்பர் தோட்டங்கள். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினரைக் கர்நாடக வன வளர்ச்சிக் கழகத்தின் ரப்பர் தோட்டங்களில், தட்சிண கன்னட மாவட்டத்தில் குடியமர்த்தினார்கள். இரண்டு பிரதமர்கள் போட்ட கையெழுத்து ஒரு குடும்பத்தின் ரேஷன் கார்டிலும் சாதிச் சான்றிதழிலும் எப்படி வந்து இறங்கியது என்று பேரப்பிள்ளைகளிடம் தமிழிலேயே கேட்டு எழுதலாம்.

பைலகுப்பேயும் தமிழ்நாட்டு முகாம்களும். 1960களின் தொடக்கத்தில் மைசூருக்கு அருகே பைலகுப்பேயில் திபெத்தியர்களுக்கு நிலம் தரப்பட்டது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. பொதுச்சட்டம் இல்லாத இடத்தில் இரண்டு சமூகங்கள் இரண்டு விதமாக நடத்தப்படுவது ஏன்? அகதிகளிடம் பேசும்முன் துறையின் அனுமதியும் அவர்களின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். பெயரை மாற்றித்தான் எழுத வேண்டும்.

காவிரியும் சிந்துவும். காவிரி உள்நாட்டு வழக்கு. ஆனாலும் 1892, 1924 ஒப்பந்தங்கள் மதராஸ் மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் போட்டவை, 1924 ஒப்பந்தத்தில் 50 ஆண்டுக்குப் பின் மறுபரிசீலனை என்ற ஷரத்தும் உண்டு. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டிய அளவை 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது, பெங்களூருவின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி. கூடுதலாகக் கொடுத்தது. இதை 1960ஆம் ஆண்டின் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தோடும், 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்தி வைத்ததோடும் ஒப்பிடலாம். இரு மாநில உணர்ச்சிகளையும் தள்ளிவைத்து ஆவணங்களை மட்டும் வைத்து எழுத முடிந்தால், நீங்கள் இந்தத் துறைக்குத் தயார்.

இரண்டு சிலைகள். அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் 18 ஆண்டுகள் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9இல் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இரு மாநில முதல்வர்களில் கருணாநிதி இங்கே வந்தார், எடியூரப்பா அங்கே போனார். பரஸ்பரம் என்ற ராஜதந்திரக் கோட்பாட்டுக்கு இவ்வளவு கச்சிதமான உதாரணம் அபூர்வம்.

செயற்கைக்கோளும் துணைத் தூதரகமும். இஸ்ரோவின் தலைமையகம் இங்கே இருக்கிறது. 2017 மே 5இல் அண்டை நாடுகளுக்கான பரிசாக இந்தியா ஏவிய தெற்காசியச் செயற்கைக்கோளில் பாகிஸ்தான் சேரவில்லை, ஏன்? அமெரிக்கா 2025 ஜனவரி 17இல் பெங்களூருவில் துணைத் தூதரகத்தைத் தொடங்கியது. அன்று விசா சேவை தொடங்கவில்லை. விசா தராமல் ஒரு துணைத் தூதரகம் வேறு என்ன செய்யும்? 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையிலிருந்து தொடங்குங்கள்.

பட்டத்துக்குப் பிறகு

வெளியுறவுப் பணி என்பது யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வின் வழிதான். முதன்மைத் தேர்வில் எழுத்துக்கு 1,750, நேர்முகத்துக்கு 275, மொத்தம் 2,025 மதிப்பெண். ‘அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும்’ என்ற விருப்பப்பாடம் இரண்டு தாள், 500 மதிப்பெண். உங்கள் பட்டப்படிப்பு அங்கே நேராகக் கைகொடுக்கும். தமிழில் எழுதவும் அனுமதி உண்டு. ஆனால் ஆண்டுதோறும் வெளியுறவுப் பணிக்குப் போகிறவர்கள் சில பத்துப் பேர் மட்டுமே. அதை மட்டும் நம்பி மற்ற வழிகளை மூடிவிடாதீர்கள்.

மேற்படிப்புக்கு 1955இல் தொடங்கிய மரபுடைய ஜே.என்.யு.வின் சர்வதேச ஆய்வுகள் பள்ளி, 1956 முதல் தனித்துறை நடத்தும் ஜாதவ்பூர், சார்க் நாடுகள் சேர்ந்து டெல்லியில் நடத்தும் தெற்காசியப் பல்கலைக்கழகம், பக்கத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆகியவை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, உத்தி ஆய்வுகளுக்குத் தனித்துறை இருக்கிறது.

பெங்களூருவில் வேலை என்று பார்த்தால் இன்னொரு வாசல் இருக்கிறது. மாணவர்கள் அதைக் கவனிப்பது குறைவு. விமானம், சிப், மென்பொருள் ஆகிய துறைகளில் உள்ள நிறுவனங்கள் எந்தப் பொருளை எந்த நாட்டுக்கு அனுப்பலாம் என்று ஒவ்வொரு ஏற்றுமதியிலும் சரிபார்க்க வேண்டும். இந்தியாவின் ‘ஸ்கோமெட்’ பட்டியல், அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள், தடைப்பட்டியல்கள் ஆகியவற்றைப் படித்து விளக்கும் ஆள் அவர்களுக்குத் தேவை. சட்ட ஆவணத்தைப் பொறுமையாகப் படிக்கப் பழகிய ஐ.ஆர். பட்டதாரி அந்தக் குழுவில் பொருந்துவார். துணைத் தூதரகங்களில் உள்ளூர்ப் பணியாளர், ஆய்வு நிறுவனங்கள், பத்திரிகை, அகதிகளோடும் புலம்பெயர் தொழிலாளரோடும் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள் ஆகியவையும் உண்டு. தொடக்கச் சம்பளம் ஐ.டி. நண்பருடையதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

ஆண்டுவாரியாகச் செய்ய வேண்டியவை

முதல் ஆண்டு: மொழி வகுப்பில் சேருங்கள். ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து அதற்கென ஒரு நோட்டு போடுங்கள். வாரம் ஒரு பக்கம், தேதியும் ஆதாரமும் சேர்த்து. வரலாற்றில் விட்டுப்போனதைக் கோடை விடுமுறையில் நிரப்புங்கள்.

இரண்டாம் ஆண்டு: மேலே சொன்ன ஜி-20 ஒப்பீட்டையும் 1986 பயிற்சியையும் முடியுங்கள். இரண்டு பக்கக் கொள்கைக் குறிப்பு எழுதிப் பழகுங்கள்: பிரச்சினை, பின்னணி, மூன்று வழிகள், உங்கள் பரிந்துரை. கல்லூரி இதழிலாவது ஒன்று அச்சில் வரட்டும். கோடையில் ஓர் இன்டர்ன்ஷிப்.

மூன்றாம் ஆண்டு: ஜூலையிலேயே ஆய்வேட்டின் தலைப்பை முடிவு செய்துவிடுங்கள், களஆய்வு தசரா விடுமுறைக்குள் முடிய வேண்டும். முதுகலை நுழைவுத் தேர்வுகளின் விண்ணப்பத் தேதிகளை நவம்பரிலிருந்து வாரம் ஒருமுறை பாருங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்பதாக இருந்தால், உங்கள் இரண்டு கட்டுரைகளையும் மதிப்பெண் பட்டியலையும் இணைத்து, கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே ஆசிரியரிடம் கொடுங்கள். கடவுச்சீட்டு இல்லையென்றால் இந்த ஆண்டே எடுத்துவிடுங்கள்; கோரமங்கலா 80 அடி ரோட்டில் மண்டல அலுவலகம் இருக்கிறது. வாடகை ஒப்பந்தமும் கல்லூரிச் சான்றும் கையில் இருந்தால் முகவரிக்கான அலைச்சல் குறையும்.